சொந்த வெப்சைட்: நாமே கற்றுக்கொள்வதா, ஆள் வைப்பதா?

எங்கள் வெப்சைட்டில் ஒரு வரியை மாற்ற ஒன்பது நாள் ஆனது. சேவைக் கட்டணம் மாறியிருந்தது. பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். தளத்தைச் செய்துகொடுத்தவர் வேறொரு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வேலையை முடித்துக்கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது, கணக்கும் தீர்ந்துவிட்டது. அந்த ஒன்பது நாளும் தளத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் பழைய கட்டணத்திலேயே வேலை செய்துகொடுத்தோம். நஷ்டம் பெரிதில்லை. என் சொந்தக் கடையின் பெயர்ப்பலகையை எனக்கே தொடத் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகளில் எல்லா வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டேன். இழுத்துப்போட்டுத் தளம் கட்டும் பில்டர், தளத்தைக் கட்டி நிர்வகிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், ஃப்ரீலான்சர், கடைசியில் வெப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் நானே உட்கார்ந்து எழுதியது. நான் புரோகிராமர் இல்லை. எக்செல் ஷீட்டில் ஃபார்முலா போடுவதுதான் என் தொழில்நுட்ப அறிவின் எல்லையாக இருந்தது. இப்போது ஸ்டார்ட்அப் தொடங்கும் நண்பர்கள் "நானே வெப் டெவலப்மென்ட் கத்துக்கட்டுமா, இல்ல யார்கிட்டயாவது கொடுத்துடட்டுமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வராது. 'கற்றுக்கொள்வது' என்பதற்குள் பத்து நாள் வேலையும் இருக்கிறது, பத்து மாத வேலையும் இருக்கிறது. தளத்தில் என்ன மாறப்போகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறப்போகிறது என்று தெரிந்தால்தான் உங்களுக்கு எது தேவை என்று சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். நிறுவனத்தைப் பற்றிச் சொல்லும் வெப்சைட் வேறு, நீங்கள் விற்கும் சரக்கு வேறு. வாடிக்கையாளர் லாகின் செய்து உள்ளே போய் வேலை பார்க்கும் மென்பொருள்தான் உங்கள் சரக்கு என்றால், அதைக் கட்ட முழுநேரப் புரோகிராமர் ஒருவர் கூட்டாளியாகவோ ஊழியராகவோ வேண்டும். மாலை நேரத்தில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு அதைக் கட்டிவிடலாம் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த இடத்தில் டோபி லுட்கே கதையைச் சிலர் இழுப்பார்கள். ஸ்னோபோர்டு விற்க 2004-இல் இணையக் கடை போட்டார், கிடைத்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தானே எழுதினார், அது 2006-இல், யாரும் இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை ஆனது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் அதற்கு முன்பே தேர்ந்த புரோகிராமர் என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். நான் பேசுவது முகப்புத் தளத்தைப் பற்றி மட்டும்: நாம் யார், என்ன செய்கிறோம், எவ்வளவு, எப்படித் தொடர்புகொள்வது.

அந்த முகப்பும் தொடக்கத்தில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிட உதவும் பஃபர் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோயல் காஸ்காய்ன் 2010-இல் முதலில் போட்டது இரண்டே பக்கம். ஒன்றில் என்ன செய்யப்போகிறோம் என்ற விளக்கம், அதிலிருந்த பொத்தானை அழுத்தினால் 'இன்னும் தயாராகவில்லை, மின்னஞ்சல் கொடுங்கள்' என்ற பக்கம். ஆர்வம் இருக்கிறது என்று தெரிந்ததும் நடுவில் விலைப்பட்டியல் பக்கம் ஒன்றைச் செருகினார். மென்பொருளை எழுதத் தொடங்கியது அதற்கப்புறம்தான். உங்களுக்கு இன்னும் முதல் வாடிக்கையாளரே வரவில்லை என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. அடுத்த பகுதியையும் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) பற்றிய பகுதியையும் படித்தால் போதும்.

பில்டர்கள்

ஸ்குவேர்ஸ்பேஸ் 2003-இலிருந்தும் விக்ஸ் 2006-இலிருந்தும் இருக்கின்றன. வெப்ஃப்ளோ 2013-இல் வந்தது. ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து, எழுத்தை மாற்றி, படத்தை மாற்றி, மாலைக்குள் தளத்தை வெளியில் விட்டுவிடலாம். ஹோஸ்டிங் (தளத்தை வைக்க சர்வரில் இடம்), பாதுகாப்புச் சான்றிதழ், மொபைலில் ஒழுங்காகத் தெரிவது, தொடர்பு ஃபார்ம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கோடிங் தெரிந்தவர்கள் இவற்றைக் கொஞ்சம் ஏளனமாகப் பேசுவார்கள். அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம். ஒரு வரியை மாற்ற ஒன்பது நாள் காத்திருந்தவனுக்கு அந்த 'எடிட்' பொத்தானின் அருமை தெரியும்.

சிக்கல் வெளியேறும்போதுதான் வருகிறது. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்க வழியில்லை. ஸ்குவேர்ஸ்பேஸ் சில வகைப் பக்கங்களை மட்டும் வேர்ட்பிரஸ் படிக்கக்கூடிய கோப்பாகத் தரும், வடிவமைப்பு வராது. வெப்ஃப்ளோவில் காசு கட்டும் திட்டங்களில் எச்டிஎம்எல் கோப்புகளையும், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளையும் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அவர்களுடைய ஃபார்மும் உள்ளடக்க நிர்வாகமும் வெளியே வந்தால் வேலை செய்யாது. ஐந்து பக்கத் தளத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மறுபடி எழுதினால் போயிற்று. நூறு கட்டுரை எழுதிச் சேர்த்த பிறகு வெளியே வர நினைத்தால்தான் ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டுவதன் வலி தெரியும். நான் பதினெட்டாவது பக்கத்தில் வெளியே வந்தேன். அதற்கே ஒரு வாரக்கடைசி முழுதாகப் போனது.

வேர்ட்பிரஸ் என்னும் பெரிய வீடு

உலகில் உள்ள வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. 2003-இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும், கைவிடப்பட்டுக் கிடந்த பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எடுத்துத் திருத்தித் தொடங்கியது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒரு விஷயம்: வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே ஹோஸ்ட் செய்து தரும் சேவை, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது நீங்களே இறக்கி உங்கள் ஹோஸ்டிங்கில் நிறுவும் மென்பொருள். "வேர்ட்பிரஸ் ஃப்ரீதானே" என்பவர் இரண்டாவதைச் சொல்கிறார். ஹோஸ்டிங் செலவும் பராமரிப்பும் உங்கள் தலையில்.

இதன் பலம், பெரிய கூட்டம். எந்தச் சிக்கலைத் தேடினாலும் ஏற்கனவே யாரோ மாட்டி, யாரோ விடை சொல்லியிருப்பார்கள். செய்துகொடுத்தவர் போய்விட்டால் இன்னொருவர் கிடைப்பார். கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் பிளகின்கள் மட்டும் அறுபதாயிரம் வாக்கில் உண்டு. பலவீனமும் அங்கேயேதான். வேர்ட்பிரஸ் தளங்களில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் மிகப் பெரும்பாலானவை மூல மென்பொருளில் இல்லை, பிளகின்களில்தான் இருக்கின்றன. அப்டேட் செய்யாமல் விட்டால் உள்ளே புகுந்துவிடுவார்கள். அப்டேட் செய்தால் சில சமயம் தளமே வெள்ளைத் திரையாக நிற்கும்.

எனக்கு நடந்தது அதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு பிளகின் அப்டேட்டுக்குப் பிறகு தொடர்பு ஃபார்ம் 'நன்றி, செய்தி கிடைத்தது' என்று அழகாகக் காட்டிக்கொண்டே எந்த மின்னஞ்சலையும் அனுப்பாமல் இருந்தது. மூன்று வாரம். நாங்கள் மந்தமான மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பழைய வாடிக்கையாளர் ஃபோன் செய்து "ரெண்டு தடவை எழுதிப்போட்டேன், பதிலே இல்லையே" என்று கேட்ட பிறகுதான் விளங்கியது. காரணம் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டது: நாம் தனியாக எதுவும் அமைக்காவிட்டால் வேர்ட்பிரஸ் சர்வரிலிருந்தே நேராக மின்னஞ்சலை அனுப்பப் பார்க்கும். அப்படி வரும் அஞ்சலைப் பெறுபவரின் மின்னஞ்சல் சேவை சந்தேகப்பட்டு ஸ்பாமில் தள்ளும், அல்லது வாங்கவே மறுக்கும். அஞ்சல் அனுப்புவதற்கென்றே உள்ள முறையான எஸ்எம்டிபி சேவை வழியாக அனுப்பும்படி மாற்ற வேண்டும். எங்கள் தளத்தில் அந்த அமைப்பைத்தான் அப்டேட் அழித்திருந்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை என் சொந்தத் தளத்துக்கு நானே ஃபார்மில் எழுதிப்போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸ் யாருக்குப் பொருந்தும்? வாரம் இரண்டு மூன்று கட்டுரை போடுபவர்கள், நான்கைந்து பேர் சேர்ந்து எழுதும் குழு, தளத்திலேயே பொருள் விற்க நினைப்பவர்கள். மாதம் ஒரு மணி நேரமாவது அப்டேட்டுக்கும் பேக்கப்புக்கும் ஒதுக்க ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் வேண்டாம்.

ஆளிடம் கொடுப்பது

ஃப்ரீலான்சரிடமோ ஏஜென்சியிடமோ கொடுப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நன்றாகச் செய்பவர் செய்தால் நாம் எவ்வளவு கற்றாலும் அந்த அழகு வராது. வடிவமைப்பு என்பது தனிக் கலை, சிஎஸ்எஸ் தெரிந்துவிட்டதால் அது வந்துவிடாது. வித்தியாசம் தெரியாதவர்கள் என் முதல் கைவேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் ஐந்து எழுத்துரு.

ஆனால் கொடுப்பதற்கு முன் எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டியவை உண்டு. பல நாடுகளில், ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்காதவரை, வெளியாள் எழுதிய கோடின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். பணம் கொடுத்துவிட்டதாலேயே உங்களுக்கு வந்துவிடாது. டொமைன், ஹோஸ்டிங், பார்வையாளர் கணக்கு காட்டும் சேவை எல்லாவற்றையும் நீங்கள் உங்கள் மின்னஞ்சலில் தொடங்கி, அவரை உள்ளே அழைத்து அனுமதி கொடுங்கள். அவர் தொடங்கி உங்களுக்கு பாஸ்வேர்ட் தருவதாகச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். முடித்துக்கொடுத்த பிறகு சின்ன மாற்றங்களை யார், எத்தனை நாளில் செய்வது என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு அந்த ஒன்பது நாள் வந்திருக்காது.

எவ்வளவு கற்றால் போதும்?

இனிதான் முக்கியமான இடம். கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று முடிவெடுத்தவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, வேலை தேடும் டெவலப்பருக்கான பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், தரவுத்தளம் என்று அது நீண்டுகொண்டே போகும். ஃப்ரீகோட்கேம்ப் 2014 முதல் இலவசமாக நல்ல பாடங்கள் தருகிறது; அதன் ஒவ்வொரு சான்றிதழுக்கும் சுமார் 300 மணி நேரம் என்று பல ஆண்டுகளாகக் குறிப்பிட்டு வந்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒன்றுக்கே பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் நிறுவனத்தை யார் பார்த்துக்கொள்வது?

நிறுவனருக்கு வேண்டியது வேறு. எச்டிஎம்எல்லைப் பார்த்தால் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு பத்தியை, ஒரு சுட்டியை, ஒரு படத்தை, ஒரு அட்டவணையை மாற்றத் தெரிய வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் நிறம், எழுத்தளவு, இடைவெளி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் ஆகியவை. பிரவுசரில் எஃப்12-ஐ அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் கருவிகள். கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் கிட். டொமைன் எப்படி இயங்குகிறது என்பது. இவ்வளவுதான். எனக்கு மாலை வேளைகளில் உட்கார்ந்து இதற்கு ஆறு வாரம் பிடித்தது. அதில் மூன்று மாலை ஒரு பொத்தானை நடுவில் நிறுத்தவே செலவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஃப்12-ஐத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எந்தத் தளத்தையும் திறந்து, ஒரு தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தால் அது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியும். அங்கேயே எழுத்தை மாற்றிப் பார்க்கலாம். உங்கள் திரையில் மட்டும் மாறும், பக்கத்தைப் புதுப்பித்தால் போய்விடும். ஒரு பாடமும் படிக்காமல் நான் முதல் வாரம் கற்றதெல்லாம் இப்படி மற்றவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துத்தான். மொசில்லாவின் எம்டிஎன் தளத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் புரியாத சொல்லுக்கு அங்கே விளக்கம் இருக்கும்.

எச்டிஎம்எல்லைக் கற்பதில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது கெட்டுப்போவதில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செர்ன் ஆய்வகத்தில் போட்ட முதல் வெப்சைட்டின் பக்கங்களை அதே முகவரியில் மறுபடி வைத்திருக்கிறார்கள். இன்றைய மொபைல் பிரவுசரிலும் அவை திறக்கின்றன. ஃபிரேம்வொர்க்குகளின் (தளம் கட்ட முன்கூட்டியே எழுதிவைத்த கோடுத் தொகுப்புகளின்) ஆயுள் அப்படி இல்லை. 2010-இல் வந்து ஒரு காலத்தில் எல்லோரும் கற்ற ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 இறுதியோடு ஆதரவு நின்றுபோனது. அதில் கட்டிய தளங்களை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. தளத்தை ஆண்டுக்கு நான்கு முறை தொடப்போகும் ஒருவர், மறந்துபோனாலும் ஒரு மணி நேரத்தில் நினைவுக்கு வரக்கூடியதைக் கற்பதுதான் லாபம்.

பக்கத்தை இயங்கவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டைத் தவிர்க்கச் சொல்கிறேனா? பெரும்பாலும், ஆமாம். மொபைலில் மெனு திறந்து மூட, கேள்வி-பதில் விரிய, இதற்கெல்லாம் இப்போது வெறும் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸுமே போதும். அதற்கு மேல் வேண்டியபோது அந்தத் துண்டை மட்டும் வெளியில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

இந்த அளவு கற்றவர் தளத்தை எதில் வைப்பது? வெறும் கோப்புகளாக இருக்கும் தளத்துக்குத் தரவுத்தளம் கிடையாது, உள்ளே நுழைய லாகின் பக்கம் கிடையாது. ஆகவே புகுந்து கெடுக்கவும் அதிக வழியில்லை. ஒரே தலைப்பகுதியை இருபது பக்கத்தில் நகலெடுக்க வேண்டாமே என்பதற்காக எலெவன்டி, ஹியூகோ, ஆஸ்ட்ரோ போன்ற கருவிகள் இருக்கின்றன. நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்றவற்றில் சின்னத் தளத்தை இலவசமாகவே ஓட்டலாம். ஆனால் இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் விதிகளைப் படித்துவிடுங்கள். கிட்ஹப் பேஜஸ் இணைய வணிகம் நடத்துவதற்கானது அல்ல என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வெர்செலின் இலவசத் திட்டமும் வணிகமல்லாத தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான். எனக்கு முதலில் இது தெரியாது; கிட்ஹப் பேஜஸில் வைத்து இரண்டு மாதம் ஓட்டிய பிறகு படித்துவிட்டு அவசரமாக மாற்றினேன். அப்படிக் கோப்புகளாக வைத்த தளத்தில் தொடர்பு ஃபார்ம் மட்டும் தானாக இயங்காது, அதற்கு ஒரு வெளிச் சேவையை இணைக்க வேண்டும்.

ஏஐ எழுதித் தருமே?

தருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நான் கற்ற முறையே மாறிவிட்டது. "இந்த மூன்று பெட்டியும் மொபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும்" என்று கேட்டால் சிஎஸ்எஸ் கைக்கு வருகிறது. ஏன் அப்படி என்று கேட்டால் விளக்கமும் வருகிறது. அந்தப் பொத்தானுக்கு நான் செலவழித்த மூன்று மாலையை இன்று யாரும் செலவழிக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்ததும், கோடைப் படிக்காமலே கேட்டு வாங்கி ஓட்டுவது ஒரு தனிப் பாணியாகிவிட்டது.

முகப்புத் தளத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும், படிக்கத் தெரிந்திருந்தால். நிறமும் இடைவெளியும் தப்பாக வந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தப்புகளுக்குத்தான் பயப்பட வேண்டும். ஒரு மின்னஞ்சல் சேவையை இணைத்துக் கொடு என்று கேட்டபோது எனக்குக் கிடைத்த கோடில், அந்தச் சேவையில் என் கணக்குக்கான கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி பக்கத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதை அப்படியே வெளியில் விட்டிருந்தால், எஃப்12 தெரிந்த யாரும் அந்தச் சாவியை எடுத்து என் கணக்கிலிருந்து லட்சம் ஸ்பாம் அனுப்பியிருக்கலாம். எனக்கு அது தெரிந்தது அந்த ஆறு வாரப் பழக்கத்தால்தான். கார்டு எண் வாங்குவது, வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிப்பது ஆகிய இரண்டையும் ஏஐயிடம் கேட்டு நீங்களே கட்ட வேண்டாம். பணம் வாங்க வேண்டுமென்றால் பணப்பரிவர்த்தனை சேவைகளே நடத்தும் கட்டணப் பக்கத்துக்கு ஒரு சுட்டி கொடுத்தால் போதும். கார்டு விவரம் உங்கள் தளத்தைத் தொடவே தொடாது.

டொமைன் பக்கம் மட்டும் எல்லோரும் கற்க வேண்டும்

பில்டரோ ஏஜென்சியோ, எந்த வழியில் போனாலும் டொமைனை மட்டும் ஒருவரிடமும் விட்டுவிடாதீர்கள். தளம் அழிந்தால் மறுபடி கட்டலாம். பெயர் போனால் போனதுதான். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு வகுத்த நடைமுறை இப்படி: காலாவதியான பிறகு பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க அவகாசம் இருக்கலாம். அதன்பின் பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது கேட்பது பல மடங்கு. அப்புறம் ஐந்து நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். இந்த எச்சரிக்கை மின்னஞ்சல்கள் எல்லாம் யார் முகவரிக்குப் போகின்றன? பதிவில் இருப்பவருக்கு. எங்கள் முதல் டொமைன் செய்துகொடுத்தவரின் பழைய மின்னஞ்சலில் இருந்தது. மீட்புக் காலத்தின் நடுவில்தான் கண்டுபிடித்தோம். கிடைத்துவிட்டது, ஆனால் அந்தத் தொகையில் ஓர் ஆண்டு ஹோஸ்டிங் ஓடியிருக்கும்.

டிஎன்எஸ் என்பது கேட்கத்தான் பயமாக இருக்கும். பெயருக்கு எதிரே முகவரி எழுதிய பட்டியல், அவ்வளவுதான். ஏ ரெக்கார்டும் சிநேமும் தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். எம்எக்ஸ் மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும். டிஎக்ஸ்டியில் 'இந்தப் பெயரில் அஞ்சல் அனுப்ப யாருக்கு அனுமதி' போன்ற குறிப்புகள் இருக்கும். நான் ஒருமுறை தளத்தை இடம் மாற்றும் உற்சாகத்தில் நேம்சர்வரை, அதாவது அந்தப் பட்டியல் இருக்கும் இடத்தை, மாற்றிவிட்டேன். எம்எக்ஸ் வரியைப் புதிய இடத்தில் நகலெடுக்க மறந்துபோனேன். தளம் பிரமாதமாகத் திறந்தது. நிறுவனத்தின் மின்னஞ்சல் அரை நாள் நின்றுபோனது. வேறு யாரையும் திட்ட முடியாத ஒரே விபத்து இது. மாற்றுவதற்கு முன் இருக்கும் பட்டியல் முழுவதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் சரியாகியிருக்கும்.

டிஎக்ஸ்டி குறிப்புகளை இப்போது அலட்சியம் செய்யவும் முடியாது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கிவிட்டன. மொத்தமாக அனுப்புபவர்களுக்கு (கூகுள் கணக்கில், ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 வாக்கில்) அனுப்புநர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். நம்மைப் போன்ற சின்னவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இல்லையென்றால் அனுப்பும் விலைப்பட்டியல் ஸ்பாமுக்குப் போகலாம். உங்கள் மின்னஞ்சல் சேவையே அந்த வரிகளைத் தரும். ஒட்டத் தெரிந்தால் போதும்.

நான் எப்படிப் பிரிப்பேன்

வாடிக்கையாளர் யாரென்றே தெளிவாகாத கட்டத்தில் இருப்பவர் பில்டரில் ஐந்து பக்கம் போட்டுவிட்டு விற்கப் போகலாம். எச்டிஎம்எல் படிக்க உட்காராதீர்கள். அது வேலை செய்வது போலவே தோன்றும் ஒரு சோம்பேறித்தனம், எனக்கே அனுபவம். எழுத்துதான் உங்கள் வியாபாரத்தைக் கொண்டுவருகிறது, எழுதவும் பலர் இருக்கிறார்கள் என்றால் வேர்ட்பிரஸ். கையில் பணம் இருக்கிறது, தோற்றத்தைப் பார்த்துத்தான் உங்களை நம்புவார்கள் என்ற துறை என்றால் நல்ல வடிவமைப்பாளரிடம் கொடுங்கள், ஆனால் கணக்குகள் உங்கள் பெயரில். பக்கங்கள் குறைவு, மாற்றங்கள் சின்னது ஆனால் அடிக்கடி, இரவு பதினொரு மணிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றால் ஆறு வாரம் ஒதுக்கிக் கற்றுக்கொள்வது வட்டியோடு திரும்ப வரும். நான் போனது இந்தக் கடைசி வழியில். வடிவமைப்பை மட்டும் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்து வாங்கி, கோப்புகளை எலெவன்டியில் நானே வைத்திருக்கிறேன்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. போன மாதம் நான் பயணத்தில் இருந்தபோது விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சக ஊழியருக்கு ஒரு தேதியை மாற்ற வேண்டியிருந்தது. கிட் எல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்கு எழுதிப்போட்டார், நான் பார்க்க மூன்று நாள் ஆனது. அவருடைய இரண்டாவது செய்தியில் "சார், ஒரே ஒரு வரிதான்" என்று இருந்தது. இப்போது டீகாப் சிஎம்எஸ் என்ற இலவசக் கருவியை இணைத்துக்கொண்டிருக்கிறேன். கிட்டில் இருக்கும் அதே கோப்புகளை, ஃபார்ம் நிரப்புவதுபோல யார் வேண்டுமானாலும் திருத்த அது வழிசெய்யும். முதல் அனுமதியை அவருக்குத்தான் கொடுக்கப்போகிறேன்.